நிறுத்தச் சொல்லும் உரிமை ஊருக்கு வேண்டும்

மலைப் பாதையில் ஓடும் ஆசை நம் நகரங்களில் பெருகிவருகிறது. தார்ச்சாலை மாரத்தான்களில் ஓடிச் சலித்தவர்களின் கண், இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏற்றங்கள்மீது விழுந்திருக்கிறது. ஏற்றம் செங்குத்தாக, பாதை குறுகலாக, கைப்பேசிக்கு சிக்னல் இல்லாமல் இருந்தால் அந்த ஓட்டத்துக்கு மவுசு கூடுகிறது. ஓடட்டும். தடை போடச் சொல்லவில்லை. ஆனால், மலைக்கிராமத்தைச் சுற்றிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்பவர் யாராக இருந்தாலும், அதை எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை அந்த ஊர்க்காரர்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத விண்ணப்பத்தை அரசு திருப்பி அனுப்ப வேண்டும்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில், பாயின் நகருக்கு அருகே மஞ்சளாற்றங்கரைப் பாறைக்காட்டில் 100 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். பலத்த காற்று வீசும் என்று முந்தைய இரவே வானிலைத் துறை எச்சரித்திருந்தது. இருந்தும் பந்தயம் தொடங்கியது. காற்றைத் தடுக்கும் மேல்சட்டையைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலர் அதை, பாதையில் பின்னால் வரும் சோதனை நிலையத்துக்குத் தனியாக அனுப்பப்படும் பைகளில் போட்டுவிட்டு, அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாகக் கிளம்பினார்கள். இரண்டாவது நிலையத்துக்கும் மூன்றாவது நிலையத்துக்கும் இடையே 8 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டும். வண்டி போகாத இடம். ஆகவே உதவிக்கு ஆளும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை. அங்கேதான் மழையும் ஆலங்கட்டியும் காற்றும் பிடித்துக்கொண்டன.

ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சூடாகத்தான் இருக்கும். வியர்வையிலும் மழையிலும் நனைந்தவர் காற்றுக்கு முகம் கொடுக்க முடியாமல் வேகம் குறைத்தால் அந்தச் சூடு நிமிடங்களில் இறங்கிவிடும். விரல் மரத்துப்போனால் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது. பிறகு நிதானம் தவறும், நினைவு தப்பும். அன்று 21 பேர் இறந்தார்கள். சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங் அவர்களில் ஒருவர். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய மாரத்தானில் வென்ற ஹுவாங் குவான்ஜுன் இன்னொருவர். அனுபவம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று யாரும் ஆறுதல் பட்டுக்கொள்ள முடியாது.

அந்த மலையில் அன்று ஆறு பேர் பிழைத்தது சூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவரால். வானம் கறுத்ததும் அவர் தன் குகைக்குள் ஒதுங்கிவிட்டார். இப்படிப்பட்ட நாளுக்கென்றே துணியும் போர்வையும் தின்பண்டமும் அங்கே வைத்திருந்தார். வெளியே ஒருவர் கால் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்து உள்ளே கூட்டிவந்தார், கைகாலைத் தேய்த்துவிட்டார், தீ மூட்டினார். பிறகு மற்றவர்களையும் கொண்டுவந்து சேர்த்தார். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று தெரிந்த மனிதர் பாதையோரத்திலேயே இருந்திருக்கிறார். பந்தயத் திட்டத்தில்தான் அவருக்கு இடமில்லை. பிற்பாடு விசாரணை நடந்தது, அதிகாரிகள் பலர் தண்டிக்கப்பட்டார்கள், இதுபோன்ற பந்தயங்களை நாடு முழுக்க நிறுத்திவைத்தார்கள்.

நமக்கு இந்தப் பாடம் சீனாவிலிருந்து வர வேண்டியதே இல்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, சிகிச்சை பலனளிக்காதவர்களையும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். அவர்கள் மலையேற்றத்துக்குப் போனவர்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில், ஆளுயரத்துக்குக் காய்ந்த புல்லில் தீ ஏறிவந்தது. அந்தப் பாதைக்கு முறையான அனுமதி இல்லை என்றது வனத்துறை. தீக்காயம் பட்டவர்களைத் தேடி முதலில் மலையேறியவர்கள் குரங்கணிக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்தார்களும்தான். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் பிறகுதான் வந்தார்கள். மாசி, பங்குனியில் எந்தச் சரிவில் புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது அங்கே ஆடுமாடு மேய்ப்பவருக்குத் தெரிந்த சங்கதி. ஏலமும் காபியும் குதிரை முதுகில் இறங்கிவந்த பாதைகள் அவை. ஓட்டக்காரர்களுக்காக யாரும் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு அரசு 2018லேயே மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையும் மலையடிவாரத்து இளைஞர்களையும் பயிற்றுவித்துச் சேர்த்திருக்கிறது. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால், இது நடப்பவர்களுக்கானது. குழுவாகப் பேசிக்கொண்டு போகிறவர்களின் சத்தம் கேட்டே காட்டுமாடு ஒதுங்கிப்போகும். தனியாக ஓடிவருகிறவர் வளைவு திரும்பும்வரை அவர் வருவது அதற்கும் தெரியாது, அது நிற்பது அவருக்கும் தெரியாது. இறக்கத்தில் வேகத்தை அடக்க முடியாமல் வருபவருக்குப் பின்வாங்க இரண்டு எட்டுகூடக் கிடைக்காது. யானை வழித்தடத்தில் நெற்றி விளக்கோடு இரவில் ஓடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்கு எந்த விதத்திலும் அனுமதி கூடாது. வழிகாட்டி முன்னால் நடக்க, பின்னால் பத்துப் பேர் வருவது நடைக்குச் சரி. ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் பந்தயக்காரர்கள் மூன்று மணி நேர இடைவெளியில் சிதறிக் கிடப்பார்கள். அங்கே வேறு விதி வேண்டும்.

‘நிறுத்தினால் விளையாட்டே போய்விடும்’ என்பது அமைப்பாளர்களின் பதிலாக இருக்கும். உலகத்திலேயே பெயர்பெற்ற மலை ஓட்டம் பிரான்சின் சமோனியில் தொடங்கி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலையைச் சுற்றிவருகிறது. சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர். 2003இல் நடந்த முதல் பந்தயத்தில் வென்றவர், மலை கிராமத்திலேயே பிறந்து வளர்ந்த நேபாளத்து ஷெர்பா ஒருவர். 2010இல் வானிலை மோசமானதால் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பந்தயத்தை நிறுத்தினார்கள். 2012இல் தூரத்தை ஏறத்தாழ 100 கிலோமீட்டராக வெட்டி, உயரமான கணவாய்களைத் தவிர்த்தார்கள். மழைச்சட்டை, இரண்டு விளக்கு, விசில், உடல்சூட்டைக் காக்கும் போர்வை ஆகியவை பையில் இல்லாவிட்டால் ஓடவிட மாட்டார்கள். அந்தப் பந்தயத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. இடம் கிடைக்கவே குலுக்கலில் காத்திருக்கிறார்கள்.

இங்கே என்ன செய்யலாம்? பாதையின் ஒவ்வொரு உயரமான பகுதியிலும், கிராம சபை தேர்ந்தெடுத்த ஊர்க்காரர் ஒருவர் வயர்லெஸ்ஸோடு நிற்க வேண்டும். அவர் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மேல் ஒருவரும் ஏறக் கூடாது. காரணம் கேட்டு வாதாட யாருக்கும் உரிமை இல்லை. முக்கியமான விஷயம் ஒன்று: பந்தயம் நின்றுபோனாலும் அவருக்கும் ஊருக்கும் பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தாக வேண்டும், அதையும் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலை அவர் வாயைக் கட்டிவிடும். தண்ணீர் பாட்டில் நீட்டவும் பாதையில் ரிப்பன் கட்டவும் மட்டும் ஊர்ப்பிள்ளைகளைக் கூப்பிடுவதை ஊரின் பங்கேற்பு என்று கணக்குக் காட்டக் கூடாது.

இது வனத்துறையின் அதிகாரத்தில் தலையிடுவதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ரேஞ்சரின் கையெழுத்து அப்படியே இருக்கட்டும். அவருக்குப் பொறுப்பும் இருக்கட்டும். ரேஞ்சர், ஊர்க்காரர் இருவரில் யார் நிறுத்தச் சொன்னாலும் நின்றாக வேண்டும், அவ்வளவுதான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்ற வனவாசிகளுக்கும் அவர்களின் கிராம சபைக்கும் ஏற்கெனவே தந்திருக்கிறது. அதை ஓட்டப் பந்தயத்துக்கும் பொருத்திக் காட்ட ஒரு அரசாணை போதும்.

ஊர்க்காரர்கள் பணத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டார்களா, வீம்புக்கு நிறுத்தமாட்டார்களா என்ற சந்தேகமும் நியாயமானதே. முதலாவதற்குத்தான் முழுத் தொகை. இரண்டாவது நடந்தால், சிலருக்குப் பதக்கம் போகும், பதிவுக் கட்டணம் வீணாகும். அமைப்பாளர்கள் அதற்குக் காப்பீடு எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த தீக்காலம் முடிந்து பாதைகள் மீண்டும் திறப்பதற்குள் வனத்துறை இந்த விதியை வெளியிட வேண்டும். அதுவரை மலைக்கிராமங்களைச் சுற்றிய பந்தயங்களுக்குப் புதிதாக அனுமதி எதையும் தரக் கூடாது.