மின்சார லொறி வாங்குமுன் பாதைக் கணக்கைப் பாருங்கள்

2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையில் நின்ற எந்த வியாபாரியும் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார். கியூஆர் முறையில் வாரத்துக்குக் கிடைத்த சில லீற்றருக்குள் எந்தக் கடைக்குப் போவது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்தே சரக்கு அனுப்பினோம். 2023 செப்டெம்பரில் அம்முறை நீங்கியதும் அந்தக் கணக்கையும் கைவிட்டோம். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதித் தடை தளர்ந்தபின், மின்சார வாகனம் பற்றிய பேச்சு நமது கடைத்தெருக்களுக்கும் வந்துவிட்டது. கைவிட்ட கணக்கை மீண்டும் கையில் எடுக்காமல் லீசிங் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம் என்பதே எனது கருத்து.

இக்கணக்குக்கென்று ஓர் ஆராய்ச்சித் துறையே இருக்கிறது. 1959 இல் டான்சிக், ராம்சர் என்ற இருவர், பெற்றோல் களஞ்சியத்திலிருந்து பல நிரப்பு நிலையங்களுக்கு பவுசர்களை எந்த ஒழுங்கில் அனுப்பினால் தூரம் குறையும் என்று ஆராய்ந்ததுதான் அதன் தொடக்கம். பத்துக் கடைகளைச் சுற்றிவர 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 ஒழுங்குகள் உண்டு. நமது லொறிச் சாரதிகள் இதை அனுபவத்தால் ஓரளவு தீர்த்து விடுகிறார்கள். ஆனால் அந்த அனுபவம் டீசல் வாகனத்தில் கிடைத்தது. 2014 இல் ஷ்னைடர், ஸ்டெங்கர், கோக்கே ஆகியோர் மின்னேற்றும் இடம், அங்கு கழியும் நேரம், கடைக்காரர் சரக்கை ஏற்கும் நேரம் ஆகியவற்றை ஒரே கணக்கில் சேர்த்தார்கள்.

இறக்காமத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று கரையோரமாகப் போய், காரைதீவுச் சந்திக்குத் திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை ஊடாக அவர் ஊர் வந்து சேர்கிறார். இதே சுற்றை மறுபக்கமாகவும் போகலாம். தூரம் ஒன்றுதான். ஆனால் அன்றைய பெரிய ஓடர் அக்கரைப்பற்றில் இருந்தால், மறுபக்கமாகப் போகிறவர் அந்த மூட்டைகளை ஏறக்குறைய முழுச் சுற்றுக்கும் சுமந்து திரிகிறார். டீசல் லொறியில் இதைப் பலர் கவனிப்பதில்லை. பற்றரியிலோ, கடைசிக் கடைக்கு முன்பே அது தெரிந்துவிடும். பாரமான சரக்கை முதலில் இறக்குவது ஒரு சதமும் செலவில்லாத சேமிப்பு. நமது கரையோரம் மேடு பள்ளமில்லாத தரை என்பதும் மின்சார வாகனத்துக்குச் சாதகமே.

இன்னொரு விடயம் மின்னேற்றம். வேக மின்னேற்றியில் பற்றரி ஏறத்தாழ 80 சதவீதம் வரை விரைவாக ஏறும், மீதி மெதுவாகவே நிரம்பும். இதைக் கணக்கில் எடுக்காத திட்டங்கள் ஓட முடியாதவையாகவோ வீண்செலவாகவோ முடியும் என்று 2017 இல் மொன்தோயாவும் அவரது சகாக்களும் காட்டினார்கள். ஆகவே பாதி வழியில் முழுதாக நிரப்பக் காத்திருப்பது நட்டம். லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நிற்கும் நேரத்தில் தேவையான அளவு ஏற்றினால் போதும். முழு மின்னேற்றம் இரவில், ஆலையில். நேர அடிப்படையிலான மின்கட்டண முறையில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு. உங்கள் இணைப்புக்கு அது பொருந்துமா என்பதை வாகனம் வாங்குமுன்பே மின்சார அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

விளம்பரத் துண்டில் அச்சிட்டிருக்கும் கிலோமீற்றர் எண்ணிக்கையை நம்பிப் பாதை போடுவதும் ஆபத்து. முழுப் பாரம், வெயில், பற்றரியின் வயது எல்லாம் அதைக் குறைக்கும். நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோன 2025 பெப்ரவரி 9 போன்ற ஒரு நாளையும் மனதில் வைக்க வேண்டும். பொழுதுபட்ட பின் யானை நடமாடும் நமது பக்கத்து வீதிகளில் பற்றரி இறங்கி நிற்பது விளையாட்டல்ல.

எனவே ஒரு மாதம், இப்போதுள்ள லொறியிலேயே ஒரு கொப்பி வையுங்கள். எந்தக் கடையில் எத்தனை கிலோ இறங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, திரும்பும்போது மொத்தம் எத்தனை கிலோமீற்றர் என்று சாரதி எழுதட்டும். சிலருக்கு அந்தக் கொப்பியே டீசல் லொறியை வைத்திருக்கச் சொல்லும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொத்துவில் பாதை வேறு கதை. அக்கரைப்பற்றிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர், திரும்பி வரவும் அவ்வளவு. அங்கு சரக்கு அனுப்பும் நான்கைந்து பேர் சேர்ந்து, பொத்துவிலில் ஒரு மொத்தக் கடையின் முற்றத்தில் பொது மின்னேற்றி ஒன்றை வைத்துச் செலவைப் பங்கிடலாம். தனித்தனியே பெரிய பற்றரிக்குப் பணம் கட்டுவதை விட இது மலிவாக முடியக்கூடும். வர்த்தக சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசட்டும்.