மார்ச்சில் வரும் பணம், மே மாதத்தில் காயும் செடி

2021 ஜனவரி 22 அன்று அரசிதழில் வெளியான சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) திருத்த விதிகள், பள்ளித் தோட்டப் பணியில் இருப்பவர்களை ஒரு முடிவெடுக்க வைத்திருக்கின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் ஒப்புதல் பெறும் திட்டங்களை நடத்தும் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டு அனுபவம் எல்லாம் கேட்கப்படும். பெரிய அறக்கட்டளைகள் இதை எளிதில் கடந்துவிடும். நாலைந்து பள்ளிகளை மட்டும் கவனிக்கும் சிறு குழுக்கள்தான் திண்டாடும். அவர்கள் ஆவணங்களை இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய மாற்றம் அபராதம். செலவழிக்காத தொகைக்கு இயக்குநர் குழு அறிக்கையில் காரணம் எழுதினால் போதும் என்ற காலம் முடிந்தது. அத்தொகையை ஆறு மாதத்துக்குள் நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை நிதி ஒன்றில் செலுத்தத் தவறினால், அதன் இரு மடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இதில் எது குறைவோ அது அபராதம். மார்ச் 31க்குள் கணக்கை முடிக்கும் அவசரம் இதனால் இன்னும் கூடும்.

அந்த அவசரம் தோட்டத்தை எப்படிக் கொல்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்கள் நேரில் பார்த்தவர்கள். பிப்ரவரி கடைசியில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும். மார்ச் மூன்றாம் வாரம் நாற்றும் சொட்டுநீர்க் குழாயும் பெயர்ப்பலகையும் ஒரே வண்டியில் வந்து இறங்கும். தக்காளி வேர் பிடிப்பதற்குள் ஆண்டுத் தேர்வு. அது முடிந்ததும் பள்ளிக்குப் பூட்டு. அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆளிருக்காது. ஜூனில் திரும்பி வரும் குழந்தைகளுக்கு முருங்கையும் பலகையும்தான் மிஞ்சியிருக்கும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று ஊரே சொல்கிறது. அதே பணம் ஜூலையில் வந்திருந்தால் அவரைக் கொடி வடகிழக்குப் பருவமழையோடு பந்தலேறியிருக்கும். சத்துணவுக் கூடத்துக்குக் காயும் போயிருக்கும்.

இதற்கு வழி அந்த விதிகளிலேயே இருக்கிறது. தோட்டத்தைத் ‘தொடர் திட்டம்’ என்று நிறுவனம் வகைப்படுத்தினால், தொடங்கும் ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். மீதத் தொகையை 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, ஆடியில் செலவழிக்கலாம். தண்ணீர் ஊற்றுபவரின் கூலியும் 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்புக்குள் வராது. திட்டத்தை நேரடியாகச் செயல்படுத்தும் செலவு அந்த வரம்பில் சேராது என்று வரையறையே சொல்கிறது. கூலி என்றதும் கோப்பை மூடும் அதிகாரிகளிடம் இந்த வரியைக் காட்டுங்கள்.

ஆனால் அந்தக் கூலியைப் பற்றி ஏன் எந்த அமைச்சகமும் யோசிப்பதில்லை? பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான 2019 அக்டோபர் வழிகாட்டுதல் பள்ளிக்குச் சராசரியாக 5,000 ரூபாய் என்கிறது. மண்வெட்டியும் விதையும் உரமும் வாங்கிய பிறகு அதில் கோடை முழுவதற்கும் யாருக்குக் கூலி கொடுப்பது? தாக்க மதிப்பீட்டையும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்குத்தான் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எந்தத் தனிப் பள்ளித் தோட்டம் 1 கோடியைத் தொடும்? நட்ட செடி மறு வருடம் இருக்கிறதா என்று பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. சி.எஸ்.ஆர். நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரலில். மார்ச்சில் நட்டு மே மாதத்தில் கருகிய தோட்டங்களின் கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது? செலவுச் சான்றிதழ் வந்தால் திட்டம் வெற்றி என்று எழுதும் வழக்கத்துக்குக் குழந்தைகளின் உழைப்பு பலியாகிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளில் ஏறத்தாழ ஓராண்டு முழுவதுமே கோடை விடுமுறையாகக் கழிந்தது; பல இடங்களில் மண்ணிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள் ‘தொடர் திட்டம்’ என்ற சொல்லையும் ஏப்ரல், மே மாதக் கூலியையும் எழுதி வாங்குங்கள். நிறுவனம் மறுத்தால், மார்ச் பணத்தில் வேலி போடுங்கள், தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள், எருக்குழி வெட்டுங்கள். நாற்றை மட்டும் ஆடிக்கு முன்பு வாங்காதீர்கள்.