முப்பது நாளில் ஆங்கிலமா?

கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றில் ஒன்றைத் தாவிக் கடந்து மேலே சென்றவர் எவருமிலர். ஆங்கிலத்திற்கு மட்டும் குறுக்குவழி உண்டென்று நகரத்துச் சுவர்கள்தோறும் விளம்பரங்கள் கூறுகின்றன. 'முப்பதே நாளில் சரளமாகப் பேசலாம்' என்கின்றன.

நாளொன்றுக்கு 2 மணி வீதம் முப்பது நாளைக்கு 60 மணி நேரமே ஆகிறது. மொழித் தேர்ச்சியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உயர, ஆசிரியர் துணையுடன் ஏறத்தாழ 200 மணி நேரம் பயில வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தாரின் கணிப்பு.

இந்தப் பொய்க்கும் உண்மைக்கும் இடையே அகப்பட்டுத் தவிப்பவர் ஆசிரியரே. இலாபம் ஒன்றையே கருதும் பயிற்சி நிலையங்களில் அவருக்கு மணிக் கணக்கில்தான் கூலி. 'இப்பெண்ணுக்கு இன்னும் ஆறு மாதம் வேண்டும்' என்று உண்மையைச் சொன்னால், வந்த கட்டணத்தை விரட்டுகிறார் என்ற பழி வரும். மாணவி வென்றால் புகழ் நிலையத்திற்கு. தோற்றால் குற்றம் ஆசிரியருக்கு. மனம் நொந்து அவர் விலகுவார். மாணவி மற்றொருவரிடம் முதலிலிருந்து தொடங்குவாள்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதுவோர் படித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் 7 புள்ளியும், எழுத்தில் 6.5 புள்ளியும் பெற வேண்டும். எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். அதில் தேற, எழுதியதை ஒருவர் வரி வரியாகத் திருத்தித் தருவதே வழி. 20 மாணவர் எழுதினால் 40 கட்டுரைகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஏழு மணி நேரத்தை நெருங்கும். வகுப்பு நேரத்திற்கு மட்டும் கூலி கொடுக்கும் நிலையத்தில் அவ்வேழு மணிக்கு ஒரு காசும் இல்லை. ஆகவே, மாணவருக்கு எது இன்றியமையாததோ அதுவே முதலில் கைவிடப்படுகிறது. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய தோட்டத்துக் குடும்பம் தேர்வுக் கட்டணத்தை மறுபடியும் தேட வேண்டியதாகிறது.

நம் சங்கத்துப் பெற்றோர் பணம் கட்டுமுன் கட்டடத்தின் அழகைப் பாராமல் மூன்று கேள்விகள் கேட்டல் நலம். ஆசிரியர் எத்தனை காலமாக அங்கே இருக்கிறார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வாரந்தோறும் கட்டுரைகள் திருத்தப்படுமா? கேரள அரசின் நோர்க்கா அமைப்பும் திருவனந்தபுரத்தில் அயல்மொழிப் பயிற்சி நிலையம் நடத்துகிறது. அங்கும் விசாரித்தல் தகும்.

உங்கள் பிள்ளைக்கு இன்னும் காலம் வேண்டுமென்று ஓர் ஆசிரியர் கூறினால் அவர்மீது சினங்கொள்ள வேண்டா. தம் கூலி போனாலும் உங்கள் பணத்தைக் காக்க முயல்பவர் அவர்.