கல்லுப் பாதைக்கு பைக் எடுக்கிறீங்களா? சிசி-யை விடுங்க, கிலோவைப் பாருங்க

வில்லியனூர், பாகூர் பக்கம் இருந்து வேலைக்குப் போற தம்பிங்க பல பேர் கேட்கிற கேள்வி: "ஆஃப்ரோடு பைக் எடுக்கலாமா?" தாராளமா எடுங்க. எந்த வண்டி, எவ்வளவுக்கு என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து இருக்கு.

முதல்ல நம்ம நிலத்தைப் பாருங்க. பாகூர் பக்கம் வயலும் ஏரிக்கரையும். மழை பெய்தா சேறு. ஊசுட்டேரி தாண்டினா செம்மண். பாறையும் கல்லுமா பாதை வேணும்னா செஞ்சி பக்கம், சுமார் 70 கிலோமீட்டர் போகணும். அங்கேயும் கோட்டை மலையும் காப்புக்காடும் வண்டி ஓட்டுற இடம் கிடையாது. ஆக, மாசத்துல ரெண்டு நாள் கல்லு, மீதி நாள் எல்லாம் தார் ரோடு. ரெண்டுக்கும் தாங்குற வண்டிதான் நமக்குத் தேவை.

கல்லுல வண்டி விழும். விழுந்தா நீங்கதான் தூக்கணும். ஹிமாலயன் 450 சுமார் 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 159 கிலோ. வித்தியாசம் 37 கிலோ, அதாவது ஒன்றரை சிப்பம் அரிசி! கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இன்னும் லேசு. புதுசா ஓட்டுறவங்களுக்கு பவரை விட இந்த எடைதான் முக்கியம்.

பணக் கணக்கும் லேசான வண்டி பக்கம்தான் நிற்குது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18%. அதுக்கு மேல 40%. 2022-ல் நிர்ணயிச்ச மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 150-க்கு மேல் 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய். 350-ஐத் தாண்டினா 2,804.

அடுத்து செட்டப். மொத்த பட்ஜெட்டுல நாலுல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்குங்க. வரிசை இதுதான்: நல்ல ஹெல்மெட், கணுக்கால் மூடுற பூட்ஸ், முழங்கால் கார்டு. அப்புறம் இன்ஜின் அடியில கெட்டியான பேஷ் பிளேட், ஹேண்ட் கார்டு. அதுக்கு அப்புறம்தான் டயர். ட்யூப் டயர்ல காத்தை ரொம்பக் குறைச்சா கல்லுல அடிபட்டு ட்யூப் கிழியும். கொஞ்சமா குறைச்சு, கையில ஒரு பம்ப் வெச்சுக்கோங்க. சத்தம் போடுற சைலன்சர் கடைசியில கூட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த விடாது. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் கேள்வி வரும். ரேஸ், ராலியில நடக்கிற சேதத்துக்கு சாதாரண பாலிசி பணம் தராது.

இப்போ யாரும் பேசாத விஷயம். கால் உடைஞ்சா சம்பளம் என்ன ஆகும்? 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ-யில இருந்தா, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், நோய்க்கால உதவியா சம்பளத்துல 70%, வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதுக்கு மேல சம்பளம்னா உங்க லீவு கணக்குதான் உங்க காப்பீடு. கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க இதைக் கண்டிப்பா யோசிக்கணும். நீங்க படுத்திருந்தாலும் இஎம்ஐ படுக்காது.

2 லட்சம் கடன், 11% வட்டி, 3 வருஷம்னா மாசம் சுமார் 6,550 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 35,700. அதனால என் யோசனை: ஷோரூம் போறதுக்கு முன்னாடி அந்த 6,550-ஐ ஆறு மாசம் ஆர்.டி.யில போடுங்க. மூச்சு முட்டாம கட்ட முடிஞ்சா, 39,000 ரூபாய்க்கு மேல கையில இருக்கும். பூட்ஸும் பேஷ் பிளேட்டும் கடன் இல்லாம வந்துடும். மூணாவது மாசமே திணறினா, இருக்கிற வண்டியிலயே ஏரிக்கரை சுத்துங்க. செஞ்சி மலை எங்கேயும் போயிடாது!