பூட்டிய அலுமாரிகள்

பழைய நூல்களைத் தேடிச் சேர்ப்பது மிக உயர்ந்த பொழுதுபோக்கு என்று எம்மவரிடையே ஒரு கருத்து நிலவுகின்றது. முத்திரை சேர்ப்பவரையும் நாணயம் சேர்ப்பவரையும் ஏளனமாகப் பார்ப்பவர்கள்கூட, நூல் சேர்ப்பவரை அறிஞர் என்றே அழைத்துவிடுகின்றார்கள். அவர் அந்நூல்களை வாசித்தாரா, வேறு எவரையேனும் வாசிக்க விட்டாரா என்று எவரும் கேட்பதில்லை. நானும் முப்பது வருடங்களுக்கு மேலாக மருதானையின் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டியவன். ஆகவே நான் இங்கு சொல்லப் போவதை, கிடைக்காதவனின் பொறாமை என்று தள்ளிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கின்றேன்.

சில வருடங்களுக்கு முன்னர், எண்பது வயதைக் கடந்த எழுத்தாளர் ஒருவர் தமது சிறுகதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அவருடைய முதற்கதை 1950களில் ஒரு சிற்றிதழில் வெளியானது. இதழின் பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுதினால் அதை வைத்திருப்பவர் யாரென்று பலருக்கும் தெரிந்துவிடும். அவரிடமிருந்த பிரதி 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. நூலகங்களில் தேடினோம், இல்லை. கொழும்பிலுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் அது இருப்பது எனக்குத் தெரியும். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறையிலிருந்து வெளியே எடுத்து, என் கையில் தராமல் தமது கையிலேயே வைத்துக்கொண்டு அவர் எனக்கு அதைக் காட்டியிருக்கின்றார்.

தொலைபேசியில் அழைத்து விடயத்தைச் சொன்னேன். நான்கு பக்கங்கள். நான் நேரில் வந்து, அவர் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னேன். முதலில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம், தாள் நொறுங்குகின்றது என்றார். மூன்றாம் முறை உண்மையைச் சொன்னார்: "தம்பி, இது இலங்கையிலை என்னட்டை மட்டுந்தான் இருக்கு. ஒருக்கால் படம் எடுத்தால் எல்லாரிட்டையும் போயிடும். பிறகு என்னட்டை இருக்கிறதுக்கு என்ன மதிப்பு?"

எழுத்தாளர் அடுத்த மாசியில் காலமானார். தொகுப்பு பின்னர் வெளிவந்தது. முதற்கதை கிடைக்கவில்லை என்று அதன் முன்பக்கத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரி பொய். கதை கிடைத்தது, தரப்படவில்லை.

மூன்றாம் முறை அவர் சொன்ன அந்தப் பதிலைப் பற்றியே இதை எழுதுகின்றேன். ஏனெனில் அது ஒருவருடைய பதில் அன்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் அதே பதிலை வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கின்றேன்.

நூல் சேர்க்கும் பழக்கத்தை, முதற்பதிப்பு மோகத்தை, ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டோம். ஆனால் அவர்களுடைய நிலைமையை நாம் பெறவில்லை. ஷேக்ஸ்பியரின் 1623 ஆம் ஆண்டு முதற்தொகுதியை ஒரு கோடீசுவரர் ஏலத்தில் எடுத்து வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்தால் எவருக்கும் நட்டமில்லை. அதன் பிரதிகள் இருநூறுக்கும் மேல் உலகில் உள்ளன. அவற்றின் உருவப்பதிப்புகளும் எண்ணிறந்த மலிவுப் பதிப்புகளும் உள்ளன. அங்கே பூட்டப்படுவது ஒரு பொருள் மாத்திரமே. எமது நிலைமை அதுவன்று. 1940களில், 1950களில் ஈழத்தில் அச்சாகி மறுபதிப்புக் காணாத ஒரு நாவலையோ சிற்றிதழையோ பூட்டி வைப்பவர், அந்த எழுத்தையே பூட்டி வைக்கின்றார். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல், நாமும் லண்டன் கனவான்களைப் போல் பெருமைப்பட்டுக்கொள்கின்றோம்.

நாம் அச்சுக்குப் புதியவர்கள் அல்லர். உதயதாரகை 1841 இல் தொடங்கியது. மானிப்பாய் அகராதி 1842 இல் வந்தது. நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சகத்தை நிறுவினார். சைமன் காசிச்செட்டியின் தமிழ்ப் புலவர் வரலாறு 1859 இலும், சித்திலெப்பையின் அசன்பே நாவல் 1885 இலும், முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902 இலும் வெளிவந்தன. இவ்வளவு நீண்ட வரலாற்றை உடைய நாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாண அச்சு நூலொன்றின் விபரம் வேண்டுமானால், பார்னெட்டும் போப்பும் 1909 இல் பிரித்தானிய நூதனசாலைக்காகத் தொகுத்த தமிழ் நூற்பட்டியலைப் புரட்டவேண்டியிருக்கின்றது. வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு போனான் என்று நாம் மேடைகளில் திட்டுகின்றோம். அவன் கொண்டு போனதைப் பட்டியலிட்டான். வாசகசாலையில் உட்கார்ந்து பார்க்கவும் விடுகின்றான். எமது அலுமாரிகளுக்குப் பட்டியலே இல்லை.

சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சிட்டார். ஏடுகள் கண்முன்னே உதிர்வதைக் கண்டு அவர் பதைத்த பதைப்பை அவருடைய பதிப்புரைகளை வாசித்தோர் அறிவர். உ.வே.சாமிநாதையர் ஊரூராக ஏடு தேடியபோது, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டோம் என்ற பதிலையும் கேட்க நேர்ந்தது. அந்த வீட்டார்மீது எமக்கு இன்றும் கோபம் வருகின்றது. ஆனால் அவர்கள் அறியாமையால் செய்தவர்கள்; வேண்டாதது என்று எண்ணி ஆற்றில் விட்டார்கள். அருமை தெரிந்து, அந்த அருமைக்காகவே மறைத்து வைப்பவரை என்ன சொல்வது?

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ஒவ்வொரு வருடமும் அந்நாளில் நாம் கட்டுரை எழுதுகின்றோம், நானும் எழுதியிருக்கின்றேன். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அன்று எரிந்தது என்ற வாசகம் அக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும். மயில்வாகனப் புலவரின் அந்நூல் அச்சேறியது; 1879 இலேயே பிறிற்றோவினால் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது; பின்னர் முதலியார் குல.சபாநாதனும் அதனைப் பதிப்பித்தார். பல கைகளில் இருந்தபடியால் அது இன்றும் எம்மிடம் இருக்கின்றது. உண்மையிலேயே ஒற்றைப் பிரதியாக இருந்து அன்று சாம்பலானவற்றுக்காக அழ முடியவில்லை. அவை எவை என்ற முழு விபரமே எம்மிடம் இல்லையே!

அந்த நெருப்பைக் கண்ட ஒரு சமூகத்தில், என்னிடம் மாத்திரமே இருக்கின்றது என்று ஒருவர் பெருமையோடு சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடல் நடுங்குகின்றது.

இனி, அந்த அலுமாரிகளில் இருப்பவற்றின் உள்அட்டையைப் பாருங்கள். மங்கிய ஊதா நிறத்தில் ஒரு வாசிகசாலையின் இறப்பர் முத்திரை இருக்கும். சனசமூக நிலையம் ஒன்றின் பெயரும் இலக்கமும் இருக்கும். பாடசாலை நூலகத்தின் முத்திரையும் இருக்கலாம். போர்க்காலத்தில் இவை கைவிடப்பட்டன. கூரை போன கட்டடத்தில் மழையில் நனைந்து கிடந்தவற்றை அள்ளி வந்து காப்பாற்றியவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். பொருளாதாரத் தடைக்காலத்தில் தாள் இல்லாமல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. பழைய நூல் சரை சுற்றவும் அடுப்பு மூட்டவும் போன காலம் அது. அன்று ஒரு நூலை எடுத்து வைத்தவர் புண்ணியவான். ஆனால் போர் முடிந்தது 2009 இல். வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட பிள்ளையைக் காப்பாற்றியவர், வெள்ளம் வடிந்த பின்னர் பெற்றோரைத் தேடவேண்டாமா?

சேகரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லையென்று நான் சொல்லவில்லை. இரவல் கொடுத்த நூல் திரும்பி வருவதில்லை என்கின்றார்கள். அது முழு உண்மை. ஆய்வாளர்கள் என்று வருபவர்களின் கைவரிசையை நானும் அனுபவித்திருக்கின்றேன். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போன பல்கலைக்கழகத்தாரையும் அறிவேன். தேடிக் கொடுத்தவரின் பெயரை நன்றியுரையில்கூடப் போடாமல் மறுபதிப்புச் செய்து விற்ற பதிப்பாளர்களும் உண்டு. இந்தக் காயங்கள் உண்மையானவை. ஆனால் இரவல் கொடுக்கும்படி எவர் கேட்டார்? உங்கள் வீட்டு மேசையில், உங்கள் கண் முன்னால், நூலை முழுதாக விரிக்காமல் பாதியளவு திறந்து வைத்துக்கொண்டே இன்று ஒரு கைத்தொலைபேசியினால் படம் எடுத்துவிடலாம். தாள் நொறுங்குகின்றது என்பது படம் எடுக்காமல் இருப்பதற்குக் காரணமன்று. இன்றே எடுப்பதற்குக் காரணம். மரக்கூழ்த் தாளிலுள்ள அமிலம் பூட்டிய அலுமாரிக்குள்ளும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் போட்டிருக்கும் பொலித்தீன் உறை எங்கள் காலநிலையில் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். இராமபாணப் பூச்சிக்கு முதற்பதிப்பும் மூன்றாம் பதிப்பும் ஒன்றுதான்.

பதிப்புரிமையை இழுப்பவர்களும் இருக்கின்றார்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் இறந்து 70 வருடங்கள் கழிந்தால் அவருடைய நூல் பொதுச்சொத்து. அதற்கு உட்பட்ட காலமாயின் உரிமை ஆசிரியருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. எந்தக் கணக்கிலும் அது பழைய புத்தகக் கடையில் 200 ரூபா கொடுத்து வாங்கியவருக்கு உரியதன்று. நான் முதலில் சொன்ன சம்பவத்தில் பிரதி கேட்டவர் அந்தக் கதையை எழுதியவர்!

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மருதானையில் டி.ஆர்.விஜேவர்தன மாவத்தை ஓரத்துக் கடைகளில் ஒரு காலத்தில் தமிழ் நூல்களின் விலை தடிப்பைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரியாத கடைக்காரர், மெல்லிய நூலென்றால் 20 ரூபா, தடித்ததென்றால் 50 ரூபா என்பார். மாத முடிவில் சம்பளத்தோடு அப்பக்கம் போகும் என் போன்றவர்களுக்கு அது பொற்காலம். இப்போது அட்டையைப் படமெடுத்துச் சேகரிப்பாளருக்கு அனுப்பிவிட்டுத்தான் விலை சொல்கின்றார்கள். ஆய்வு செய்யும் மாணவி அந்த விலைக்கு வாங்க முடியாது. போகட்டும், அது சந்தை. வாங்கியவர் அட்டையின் படத்தை முகநூலில் போட்டு, "அரும்பொருள், என் சேகரிப்பிலிருந்து" என்று எழுத, முன்னூறு பேர் விருப்பக் குறி இடுகின்றார்கள். உள்ளே என்ன இருக்கின்றதென்று கேட்டால் பதில் வராது.

வேறு விதமாக வாழ்ந்தவர்களும் எம்மிடையே உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், செல்வந்தர் அல்லர். நூல், இதழ், நாடக அறிவித்தல், அழைப்பிதழ் என ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். கேட்டு எழுதிய ஆய்வாளர்களுக்கு விபரம் தேடிக் கொடுப்பதையே தொழிலாகவும் கொண்டிருந்தார். 1992 இல் அவர் மறைந்த பின்னர் அச்சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கித் தமிழ்நாட்டிலேயே வைக்க, 1994 இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் உருவானது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய துணைவியார் டோரதியும் தமது சொந்தப் பணத்தில் ஞானாலயாவைக் கட்டி ஆய்வாளருக்குத் திறந்து வைத்தார்கள். எம் நாட்டில் 2005 இல் சில இளைஞர்கள் நூலகம் என்ற பெயரில் தொடங்கிய எண்ணிம முயற்சி இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொண்டுள்ளது. ஒஸ்லோவிலிருப்பவர் நள்ளிரவில் தம் ஊர்ப் பாடசாலை மலரை இலவசமாகத் திறந்து பார்க்கின்றார். அந்த ஆவணங்கள் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒருவர் தமது அலுமாரியைத் திறந்தார்.

திறக்காத அலுமாரிகளின் கதியையும் கண்டிருக்கின்றேன். வெள்ளவத்தையில் ஒரு பெரியவர். நாற்பது வருடச் சேகரிப்பு. எவருக்கும் காட்டமாட்டார். அவர் இறந்தபோது பிள்ளைகள் அவுஸ்திரேலியாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தார்கள். வீட்டை ஒப்படைக்கவேண்டும். அவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். செய்தி கேட்டு நான் போனபோது அலுமாரி மாத்திரம் நின்றது. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அப்பா அதில் என்ன இருக்கின்றது என்று அவர்களுக்கும் சொல்லவில்லை.

நியாயம் பேசுபவன் தன் வீட்டையும் பார்க்கவேண்டும். இக்கட்டுரைக்காக என் நூல்களை இறக்கிப் பார்த்தேன். பிறருடைய முத்திரையோடும் கையொப்பத்தோடும் பதினொரு நூல்கள் இருந்தன. மூன்று, இடப்பெயர்வுக்கு முன்னர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கியவை. அவர் இன்று கனடாவில், "நீ இன்னும் வைத்திருக்கிறியா?" என்று சிரித்தார். ஐந்து, இப்போது இயங்காத வாசிகசாலைகளுக்கு உரியவை. அவற்றைப் படமெடுத்து எண்ணிம நூலகத்துக்குக் கொடுத்துள்ளேன். எஞ்சிய மூன்றும் வடமராட்சிப் பாடசாலை ஒன்றுக்கு உரியவை. பொதி கட்டி அனுப்பினேன். நூலகப் பொறுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்து, இவற்றை எந்தப் பதிவேட்டில் பதிவது, பழைய பதிவேடே இல்லையே என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

நான் முதலிற் குறிப்பிட்ட சேகரிப்பாளர் இவற்றையெல்லாம் வாசிப்பவர், இதையும் வாசிப்பார். ஐயா, எழுத்தாளர் இறந்துவிட்டார். ஆனால் அவருடைய மகள் மொன்றியலில் இருக்கின்றார். தந்தையின் தொகுப்புக்கு இரண்டாம் பதிப்புக் கொண்டுவர முயல்கின்றார். நான்கு பக்கங்கள்தான். என் தொலைபேசி இலக்கம் மாறவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் வருகின்றேன்.