"வெறும்" வாத்தியார் என்று சொல்லாதீர்கள்



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், நமக்குச் சொந்தம்தான், கேட்டார்: "ஏன் மாமா, இத்தனை வருஷ சர்வீஸ்ல ஹெச்.எம். ஆகாம வெறும் வாத்தியாராவே ரிட்டயர் ஆயிட்டீங்களே?" பந்தியில் வம்பு வேண்டாம் என்று சிரித்து வைத்தேன். பதில் இதோ.

அமெரிக்காவில் பட் ஃபாஸ்டர் என்று ஒரு கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர். என் அக்கா மகன் வர்ஜீனியா டெக்கில் படித்தபோது சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர்கள் கால்பந்து வேறு. பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதும் ஆட்டம். புள்ளி எடுக்க 11 பேர், எதிரியைத் தடுக்கத் தனியாக 11 பேர். தடுப்பவர்களை உருவாக்குவதுதான் ஃபாஸ்டரின் வேலை. தலைமைப் பயிற்சியாளர் வேறொருவர்.

ஃபாஸ்டர் 1987இல் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் பீமருடன் அங்கே வந்தார். 1995இல் தடுப்பாட்டப் பொறுப்பை ஏற்றார். 2015இல் பீமர் ஓய்வு பெற்றார். புதிதாக வருகிற தலைவர் தன் ஆட்களைக் கூட்டிவருவதுதான் அங்கே வழக்கம். ஆனால் வந்தவர் ஃபாஸ்டரை விடவில்லை. 2019 வரை 33 பருவங்கள், ஒரே கல்லூரி. கடைசி வரை தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை. நம் உறவினர் கணக்கில் அவரும் "வெறும்" ஆள்தான்!

அந்த "வெறும்" ஆள் என்ன செய்தார்? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி கொண்டுபோகிற மாதிரி அடிபட்ட தகரச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைத் தன் அணிக்கு அடையாளமாக்கினார். தினமும் வேலைக்கு வா, உழை என்பதுதான் அதன் பொருள். பையன்கள் அதைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் போனார்கள். 2007 ஏப்ரலில் அந்த வளாகத்துத் துப்பாக்கிச் சூட்டில் 32 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்துப் பேராசிரியர் லோகநாதன், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு அந்தப் பெட்டியில் 32 பெயர்களும் இருந்தன.

உதவிப் பயிற்சியாளர்களுக்கென்றே அங்கே பிராய்ல்ஸ் விருது என்று ஒன்று உண்டு. 2006இல் அது ஃபாஸ்டருக்குக் கிடைத்தது. கவனியுங்கள்: உதவியாளராகவே இருப்பவருக்கு, அந்த வேலைக்காக விருது. நாற்காலி மாறாமலே மரியாதை கூடுகிறது.

"அங்கே சம்பளம் அள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால் இருந்தார்" என்பீர்கள். சரி, அதைத்தான் நானும் சொல்கிறேன். நன்றாகச் செய்கிறவனை அந்த வேலையிலேயே வைத்து, அதற்கேற்ற விலையும் கொடுத்தார்கள். நாம் என்ன செய்கிறோம்? நன்றாகப் பாடம் நடத்துகிறவரைப் பிடித்து, வகுப்பிலிருந்து வெளியே இழுத்து, கோப்புக்கும் கையெழுத்துக்கும் நடுவில் உட்கார வைத்து, அதற்கு உயர்வு என்று பெயர் வைக்கிறோம். பள்ளிக்குத் தலைமையாசிரியர் வேண்டும், மறுக்கவில்லை. நல்ல தலைமையாசிரியர்கள் நிழலில்தான் நானும் வேலை பார்த்தேன். ஆனால் அது வேறு வேலை, மேலான வேலை அல்ல. இரண்டு முறை பதவி உயர்வு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கை விட மனம் வரவில்லை. சம்பளத்தில் நஷ்டம்தான். வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பந்தியில்தான் சொல்கிறார்கள்.

ஃபாஸ்டரின் முடிவு சினிமா மாதிரி இல்லை. கடைசி இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. ஆனால் சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணி எடுத்த புள்ளி பூஜ்யம். 28-0. ஒரு கணக்கு வாத்தியாருக்கு அந்தப் பூஜ்யத்தின் மதிப்பு தெரியும்.

பள்ளி நடத்துகிற, அலுவலகங்களில் ஆட்களை நிர்வகிக்கிற என் மாணவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் ஒரு நல்ல ஆசிரியரோ தொழில் தெரிந்தவரோ இருந்தால், அவரை அங்கேயே இருக்க விடுங்கள். சம்பளத்தை உயர்த்துங்கள். "ஏன் இன்னும் இங்கேயே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை, இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம். அடுத்த கல்யாணத்திலும் பக்கத்து இலையில்தான் உட்காருவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்