‘ஒவ்வொருவர்’ என்ற சொல்லுக்குள் அடங்குவோர்

ஒரு நாட்டை அச்சம் பிடிக்கும்போது அதன் சட்டம் கேட்கும் கேள்வி மாறிவிடுகிறது. அமைதிக் காலத்தில் ‘இந்த ஆள் என்ன செய்தார்?’ என்று கேட்கும் சட்டம், அச்சக் காலத்தில் ‘இவர் யாரோடு வந்தார், எந்த இனத்தவர், எந்த வகைக்குள் அடங்குவார்?’ என்று கேட்கத் தொடங்குகிறது. சிலர் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தையோ, எவரும் செய்யாத, ஆனால் செய்யக்கூடும் என்று அஞ்சப்படும் குற்றத்தையோ ஒரு சிறுபான்மைச் சமூகம் முழுவதன் தலையிலும் சுமத்துவதையே பலிக்கடா ஆக்குதல் என்கிறோம். அது மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் தொடங்கினாலும், விண்ணப்பப் படிவத்திலும் தடுப்புக்காவல் உத்தரவிலும் விசாரணை அறையிலும்தான் உருப்பெற்று ஆட்களைத் தொடுகிறது. ஆகவே குடிவரவு, அகதிச் சட்டத் துறையில் பணிபுரியும் சட்டத்தரணிகள், உரைபெயர்ப்பாளர்கள், குடியமர்வுப் பணியாளர்கள் ஆகியோருக்கு இது அன்றாடத் தொழில் சார்ந்த விடயமாகிறது.

கனடாவில் இதன் மிகப் பெரிய உதாரணம் 1942 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட சில மாதங்களுக்குள், போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தின் கீழ், பசிபிக் கரையிலிருந்து 100 மைல் அகலப் பாதுகாப்பு வலயத்துக்குள் வாழ்ந்த ஏறத்தாழ 22,000 யப்பானியக் கனடியர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் கனடாவில் பிறந்தவர்கள் அல்லது கனடியக் குடியுரிமை பெற்றவர்கள். மீன்பிடிப் படகுகளும் வீடுகளும் தோட்டங்களும் முதலில் பாதுகாப்பில் வைக்கப்படுவதாகச் சொல்லப்பட்டு, பின்னர் உரிமையாளரின் சம்மதமின்றியே விற்கப்பட்டன. இராணுவத்திலும் பொலிஸிலும் உயர் பதவியில் இருந்தோர் இந்த மக்களால் ஆபத்து இருப்பதாகக் கருதவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அரசியல்வாதிகளே அப்படிக் கருதினர். கனடாவில் பிறந்த யப்பானிய இனத்தவர் எவர் மீதும் நாசவேலைக் குற்றமோ விசுவாசமின்மைக் குற்றமோ சுமத்தப்படவில்லை என்று 1944 ஆகஸ்டில் பிரதமர் மெக்கென்சி கிங் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர்கள் கரையோரத்துக்குத் திரும்புவதற்கிருந்த தடை 1949 ஏப்ரல் வரை நீடித்தது. போர் முடிந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியும் அச்சத்துக்காக இயற்றப்பட்ட விதி உயிரோடு இருந்தது.

இந்த வரலாற்றில் ரொறன்ரோவுக்கு உரிய பங்கை இத்துறையினர் அறிந்திருத்தல் வேண்டும். ஆயிரக்கணக்கானோரை யப்பானுக்கு அனுப்புவதற்கான 1945 ஆம் ஆண்டின் உத்தரவுகளை எதிர்த்து, ரொறன்ரோவில் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் சிவில் உரிமைக் குழுக்களும் கூடி அமைத்த யப்பானியக் கனடியர் கூட்டுறவுக் குழு நீதிமன்றம் சென்றது. அதன் சட்டத்தரணி அன்ட்ரூ புரூவின். 1946 இல் உச்சநீதிமன்றமும், அதன் பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அந்த உத்தரவுகளைப் பெருமளவில் செல்லுபடியாக்கின. வழக்குத் தோற்றது. எனினும் அக்குழு கூட்டங்கள் நடத்தி, துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டு, கடிதங்கள் எழுதுவித்துத் திரட்டிய எதிர்ப்பினால் 1947 ஜனவரியில் அரசே அந்த உத்தரவுகளை மீளப்பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 4,000 பேர் கப்பலேறிவிட்டனர். நீதிமன்றம் கைவிட்ட இடத்தில் ஒரு கூட்டுக் குழுவின் விடாமுயற்சி எஞ்சியோரைக் காத்தது என்பது சட்டப் பாடநூல்களில் போதிய அழுத்தம் பெறாத உண்மையாகும்.

1988 இல் இரண்டு காரியங்கள் நடந்தன. செப்டெம்பரில் யப்பானியக் கனடியர்களிடம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் வழங்க இணங்கியது. அதற்கு முன்னர் ஜூலையில், போர்க்கால நடவடிக்கைகள் சட்டத்தை நீக்கி அவசரநிலைகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவு, இனம், தேசிய மூலம், நிறம், மதம் முதலியவற்றின் அடிப்படையில் எவரையும் அடைத்துவைக்க அதிகாரமளிக்க முடியாது என்று தடை செய்கிறது. ஆனால் அந்தத் தடையின் வாசகம் கனடியக் குடிமக்களையும் நிரந்தர வதிவிடம் பெற்றோரையும் மட்டுமே குறிப்பிடுகிறது. அகதிக் கோரிக்கை விடுத்துக் காத்திருப்பவரும், மாணவ அனுமதியில் வந்தவரும், எந்த ஆவணமும் இல்லாதவரும் அந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கின்றனர். 1942 இன் பாடத்தைக் கற்றுக்கொண்ட சட்டமே அந்தப் பாடத்தின் எல்லையை வதிவுரிமையோடு நிறுத்திக்கொண்டது. பின்வந்த அச்சங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்ளேதான் நுழைந்தன.

இடைவெளியை அடைக்கக்கூடிய ஒரு சொல் 1982 ஆம் ஆண்டின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தில் இருந்தது. அதன் 7 ஆம் பிரிவு உயிர், சுதந்திரம், உடற்பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உரிமையை ‘ஒவ்வொருவருக்கும்’ வழங்குகிறது. குடிமக்களுக்கு என்று அது சொல்லவில்லை. 1985 ஏப்ரலில் ‘சிங்’ வழக்கில் உச்சநீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளருக்கு வாய்மொழி விசாரணை அளிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பளித்த ஆறு நீதியரசர்களில் மூவர் 1960 ஆம் ஆண்டின் உரிமைகள் பிரகடனச் சட்டத்தை நம்பினர். நீதியரசர் பேர்தா வில்சன் உள்ளிட்ட மற்ற மூவர், கனடிய மண்ணில் நிற்கும் எவரும் ‘ஒவ்வொருவர்’ என்ற சொல்லுக்குள் அடங்குவர் என்றனர். பிந்திய கருத்தே நிலைபெற்றது. வழக்காடியோருள் பெரும்பாலானோர் சீக்கியர். தீர்ப்பு வந்து மூன்று மாதங்கள் நிறைவதற்குள் எயார் இந்தியா விமானம் வெடித்து 329 பேர் இறந்தனர். அதன்பின் ஒரு சமூகம் முழுவதும் ஐயத்துக்கு உள்ளானது. அதே வழக்கு ஓராண்டு பிந்தி வந்திருந்தால் தீர்ப்பு இதே துணிவோடு எழுதப்பட்டிருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர் உள்ளூர் மீனவர்களால் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னதும், உண்மையில் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்ததும் சில நாட்களில் தெரியவந்தது. அப்படியிருந்தும் பிரதமர் பிறையன் மல்ரோனி அவர்களை ஏற்கும் முடிவை வெளிப்படையாக ஆதரித்தார். அவர்களுக்கு அமைச்சரின் அனுமதிப் பத்திரமும் வேலை செய்யும் உரிமையும் கிடைத்தன. அடுத்த ஆண்டு நோவா ஸ்கோஷியாவில் 174 சீக்கியர் கரையிறங்கியபோது நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. காற்று அதற்குள் திசைமாறத் தொடங்கியிருந்தது.

2010 ஆகஸ்ட் 13 அன்று வன்கூவர் தீவின் எஸ்குவைமால்ட் கடற்படைத் தளத்துக்கு 492 தமிழர்களோடு எம்.வி. சன் சீ என்ற கப்பல் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பத்து மாதங்கள் முன்பே, 2009 அக்டோபரில், 76 ஆண்களோடு ஓஷன் லேடி வந்திருந்தது. சன் சீ வந்தபோது, இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்து ஓராண்டுக்குச் சற்று மேலேதான் ஆகியிருந்தது. 2006 இல் விடுதலைப் புலிகள் இயக்கத்தைக் கனடா தடைசெய்திருந்த சூழலில், கப்பல் கரையை அடையுமுன்னரே அதில் ஆட்கடத்துவோரும் பயங்கரவாதிகளும் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது என்று பொதுப்பாதுகாப்பு அமைச்சர் விக் ரோவ்ஸ் கூறிவிட்டார். ஒருவர்கூட விசாரிக்கப்படாத நேரத்தில் நாட்டு மக்களின் காதில் விழுந்த முதற் சொல் அதுவே. அந்த ஆண்டு கனடாவில் அகதிக் கோரிக்கை விடுத்தோர் 20,000 பேருக்கு மேல். சன் சீயில் வந்தோர் அதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. விமானத்தில் தனித்தனியே வந்தோரை எவரும் படம்பிடிக்கவில்லை. கப்பலில் சேர்ந்து வந்தோர் ஒரே சட்டகத்துக்குள் அடங்கினர்.

அவர்களுள் 49 சிறுவர்கள் இருந்தனர். ஆண்கள் மேப்பிள் ரிட்ஜ் சிறைச்சாலையில் வைக்கப்பட்டனர். தாய்மாரும் பிள்ளைகளும் பேர்னபியின் இளைஞர் தடுப்பு நிலையத்தில் வைக்கப்பட்டனர். குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடுப்புக்காவல் 48 மணி நேரத்துக்குள்ளும், பின்னர் 7 நாட்களுக்குள்ளும், அதன்பின் 30 நாட்களுக்கொரு முறையும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். மீளாய்வு என்பது ‘இந்த ஆளை ஏன் இன்னும் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?’ என்று அரசிடம் கேட்கும் இடம். விடுதலை உத்தரவு கிடைத்த பல வேளைகளில் அரசுதரப்பு அதை எதிர்த்துச் சமஷ்டி நீதிமன்றம் சென்றது. ஆகவே மாதங்கள் நீண்டன. ஆயினும் அந்த மீளாய்வுகள் தனித்தனி ஆட்களைப் பற்றியவையாக இருந்தபடியால், ஒவ்வொருவராக வெளியே வந்தனர்.

2010 அக்டோபரில் ஓஷன் லேடி கப்பலைப் பின்னணியாக நிறுத்தி அமைச்சர்கள் அறிவித்த சட்டமூலம் தாக்கியது இந்தப் பொறிமுறையைத்தான். இரு முறை உருமாறி, 2012 ஜூனில் சி-31 என்ற பெயரில் அது சட்டமானது. அதன்படி ஒரு குழுவின் வருகையை ‘ஒழுங்கற்ற வருகை’ என்று அமைச்சர் பெயர்குறிக்கலாம். அப்படிப் பெயர்குறிக்கப்பட்டோருள் 16 வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் கட்டாயமாகத் தடுத்துவைக்கப்படுவர். முதல் மீளாய்வு 14 நாட்களிலும், அடுத்தது ஆறு மாதங்களிலும் நடைபெறும். அகதி என ஏற்கப்பட்ட பின்னரும் ஐந்தாண்டுகளுக்கு அவர்கள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதன் விளைவாக மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளவும் முடியாது. செய்த செயலுக்காக அல்லாமல் வந்த விதத்துக்காக வழங்கப்படும் தண்டனை இது. அகதிகளின் சட்டவிரோத நுழைவுக்குத் தண்டனை கூடாது என்னும் 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 31 ஆம் உறுப்புரையோடு இது பொருந்தாது என்பதே இவ்விதழின் கருத்து.

தமிழர்களைக் காட்டி இயற்றப்பட்ட இச்சட்டம் 2012 டிசம்பரில் முதன்முதலாக எவர்மீது பிரயோகிக்கப்பட்டது என்பதைத் தமிழர்கள் மறக்கலாகாது. அமெரிக்க எல்லை வழியாகத் தரைமார்க்கமாக வந்த, பெரும்பாலும் ருமேனியர்களான, 85 பேர் மீதே அது பாய்ந்தது. ஒரு சமூகத்தின் பெயரால் செய்யப்பட்ட விலங்கு வேறொரு சமூகத்தின் கையில் பூட்டப்பட்டபோது நம் அமைப்புகளிடமிருந்து எழுந்த குரல் மிக மெல்லியதாகவே இருந்தது.

2015 நவம்பரில் உச்சநீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. தாய்லாந்து மாலுமிகள் கைவிட்டுச் சென்ற சன் சீயில் இயந்திர அறையில் வேலை செய்த, சமைத்த, காவல் பார்த்த பயணிகளும் ஆட்கடத்துவோரே என்ற அரசின் வாதத்தை அது ஏற்கவில்லை. இலாபத்துக்காகக் குற்றக் கும்பலோடு சேர்ந்து செய்வதே கடத்தல் என்றது. ஓஷன் லேடி தொடர்பான ‘அப்புலோனப்பா’ வழக்கில், மனிதாபிமான உதவி செய்வோரையும் குடும்பத்தினரையும்கூடக் குற்றவாளியாக்கும் அளவுக்குச் சட்டப்பிரிவு அகலமானது என்று தீர்த்தது. 2017 இல் ஓஷன் லேடி வழக்கின் நான்கு எதிரிகளும் விடுவிக்கப்பட்டனர். சன் சீ வழக்கில் ஒருவரை யூரி குற்றவாளியாகக் கண்டது. பயணிகளுள் சிலர் இயக்க உறுப்பினர் எனத் தகுதி மறுக்கப்பட்டனர். கணிசமானோர் அகதிகளாக ஏற்கப்பட்டனர். குற்றமுள்ளவரையும் அற்றவரையும் பிரித்தறிய, ஆளுக்கு ஆள் நடத்தும் சாதாரண விசாரணையே போதுமானதாக இருந்தது.

நீதிமன்றம் எப்போதும் கைகொடுக்கும் என்பதும் இல்லை. 1995 இல் ரொறன்ரோவில் கைதுசெய்யப்பட்டு இரண்டாண்டுகளுக்கும் மேல் அடைக்கப்பட்ட ஈழத்தமிழ் அகதி ஒருவரின் ‘சுரேஷ்’ வழக்கு, செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்து நான்கு மாதங்களில், 2002 ஜனவரியில் தீர்க்கப்பட்டது. அவர்மீது இருந்தது ‘பாதுகாப்புச் சான்றிதழ்’. அதாவது, சான்றின் ஒரு பகுதியை எதிர்த்தரப்புக்குக் காட்டாமலேயே ஒருவரை நாட்டுக்கு ஆபத்தானவர் என அமைச்சர்கள் கையொப்பமிடும் முறை. சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய நாட்டுக்கு ஒருவரை அனுப்புவது பொதுவாகச் சாசனத்துக்கு முரணானது என்று கூறிய அதே தீர்ப்பு, ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்ற ஒரு சிறு கதவையும் திறந்து வைத்தது. அந்தக் கதவு இன்னும் மூடப்படவில்லை. சித்திரவதைக்கு விதிவிலக்கு இல்லை என்று சர்வதேசச் சட்டம் கூறும்போது கனடியச் சட்டம் ஏன் தயங்க வேண்டும் என்ற வினாவைச் சட்டத்தரணிகள் ஓயாது எழுப்ப வேண்டும்.

உரைபெயர்ப்பாளர்கள் கருதத்தக்கது இலங்கையின் ‘நவரசம்’ வழக்கு. 1979 இல் தற்காலிகமானதாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டனர். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதே சட்டம் முஸ்லிம்கள் மீது திரும்பியது. 2020 மே மாதத்தில் இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜசீம் தம் ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை முன்னிட்டுக் கைதுசெய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் காவலில் இருந்தார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளையும் கொண்ட அந்நூல், மொழிபெயர்ப்புகளின் வழி தீவிரவாத நூலாக வாசிக்கப்பட்டது. ரொறன்ரோவின் விசாரணை அறைகளிலும் ‘இயக்கம்’, ‘பொடியள்’, ‘பாஸ்’, ‘பிடிச்சுக்கொண்டு போனவை’ போன்ற சொற்கள் அன்றாடம் பெயர்க்கப்படுகின்றன. கட்டாயத்தால் பதுங்குகுழி வெட்டியவரை இயக்க உறுப்பினராகக் காட்ட ஒரு வினைச்சொல்லின் பிழையான பெயர்ப்பே போதும்.

இன்று அச்சத்தின் முகம் வேறு. 2025 ஜூனில், அமெரிக்காவின் வரி அழுத்தத்துக்கு நடுவே, எல்லையைப் பலப்படுத்துவதாகச் சொல்லிச் சி-2 சட்டமூலமும், அதன் குடிவரவுப் பகுதிகளைத் தாங்கி அக்டோபரில் சி-12 உம் முன்வைக்கப்பட்டன. 2020 ஜூன் 24 க்குப் பின்னர் முதன்முதலாக நாட்டுக்குள் வந்து ஓராண்டு கழித்துக் கோரிக்கை விடுப்போரை அகதிகள் சபைக்கே அனுப்பாமல் விடுவது அவற்றின் ஏற்பாடுகளுள் ஒன்று. படிக்க வந்த பின்னர் தாயகத்தில் நிலைமை மாறியவரும், தம் பாலியல் அடையாளத்தை இங்கு வந்தே வெளிப்படுத்தத் துணிந்தவரும், சட்ட உதவி தெரியாமல் காலம் கடத்தியவரும் இதனால் ‘சிங்’ வழக்கு வென்றெடுத்த வாய்மொழி விசாரணையை இழப்பர். இங்கும் கேட்கப்படுவது ‘உமக்கு என்ன நேரும்?’ என்பதல்ல, ‘நீர் எப்போது வந்தீர்?’ என்பதே. இவ்வாறு பாதிக்கப்படுவோருள் தமிழர் சிலரே; நைஜீரியரும் இந்திய மாணவரும் மெக்சிக்கரும் பலர். அவர்களுக்காக நாடாளுமன்ற, செனட் குழுக்களின் முன் எழுத்துமூலச் சமர்ப்பணம் செய்யவும், ரெக்ஸ்டேல் தடுப்பு நிலையத்தில் முதல் 48 மணி நேர மீளாய்வுக்குச் சட்டத்தரணி இல்லாது நிற்பவரின் கோப்பைக் கையிலெடுக்கவும், இத்துறையின் தமிழ்ப் பணியாளர்கள் முன்வர வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. 1946 இல் ரொறன்ரோவில் யப்பானியர் அல்லாத பலரும் அந்த வேலையைச் செய்தனர்.